முகம் எவ்வளவு, உடல் எவ்வளவு: இசைக்கலைஞர் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பாதி தாண்டியதும் சென்னையில் கச்சேரிப் பட வேலை சூடுபிடித்துவிடும். சபா நோட்டீஸ், வாட்ஸ்ஆப் அழைப்பிதழ், யூடியூப் முகப்புப் படம், தனிப்பாடலுக்கான சதுர அட்டை என எல்லாமே ஒரே நேரத்தில் வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் போட்டோகிராபர்களிடமும் டிசைனர்களிடமும் இன்று நல்ல கேமரா இருக்கிறது, மென்பொருளும் கைவசம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் முன்னால் இருந்தவர்கள் செய்து, திட்டு வாங்கி, மெல்ல மெல்லத் திருத்திக்கொண்ட அதே பிழைகள் புதியவர்கள் கையில் மறுபடி முளைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆணை எப்படிக் காட்டுவது, பெண்ணை எப்படிக் காட்டுவது என்ற இடத்தில்தான் நடக்கின்றன.

ஆபாசமான உடை, மழையில் நனைந்த பாடகி போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை தவறு என்று செய்பவருக்கே தெரியும். மரியாதையோடும் நல்ல எண்ணத்தோடும் எடுத்த படத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் நுழைந்துவிடும் தவறுகள்தான் இங்கே பொருள்.

ஆணுக்கு முகம், பெண்ணுக்குப் புடவை

இருப்பதிலேயே பணத்தை அதிகம் விழுங்கும் தவறு இது. எத்தனை முறை பார்த்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை, ஏனென்றால் படம் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பட்டியல் போட்டால் இது நடக்கவே நடக்காது.

ஒரு பாடகரும் ஒரு பாடகியும் சேர்ந்து ஒரு பாடலை வெளியிடுகிறார்கள் என்று வையுங்கள். இருவருக்கும் ஒரே நாள், ஒரே ஸ்டுடியோ. பாடகர் வந்து நிற்கிறார். போட்டோகிராபர் நெருங்கிப் போய் நெஞ்சுக்கு மேலே எடுக்கிறார். கண், தாடி, நெற்றிச் சுருக்கம் எல்லாம் தெரிகிறது. அடுத்தது பாடகி. “புடவை முழுசாத் தெரியட்டும்” என்று ஒரு குரல் வருகிறது. கூட வந்த அம்மாவாக இருக்கலாம், புடவை கொடுத்த கடைக்காரராக இருக்கலாம், சில நேரம் பாடகியே சொல்வார். போட்டோகிராபர் நாலடி பின்னால் போய்த் தலை முதல் கால் வரை எடுக்கிறார். இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் நல்ல படங்கள். மாலையில் டிசைனர் இரண்டையும் ஒரே சதுரத்தில் வைக்கும்போதுதான் சங்கடம் தெரியும்: ஒரு முகமும் ஓர் உடையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை உள்ள நீளத்தை, உச்சந்தலையிலிருந்து படத்தில் தெரியும் உடலின் அடிப்பகுதி வரை உள்ள நீளத்தால் வகுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் விடை 1. தலை முதல் கால் வரை தெரிந்தால் சுமார் 0.13, ஏனென்றால் நிற்கும் மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். 1983இல் டேன் ஆர்ச்சரும் உடன் ஆய்வு செய்தவர்களும் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த 1,750 படங்களை இப்படி அளந்தார்கள். ஆண்களுக்குச் சராசரி 0.65, பெண்களுக்கு 0.45. பிற நாட்டுப் பத்திரிகைகளிலும், பல நூற்றாண்டு ஓவியங்களிலும், மாணவர்களைக் கையால் வரையச் சொன்னபோதும் சாய்வு அதே பக்கம்தான் இருந்தது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அதே ஆளின் முகத்தைப் பெரிதாகக் காட்டியபோது, பார்த்தவர்கள் அவரை அதிகப் புத்திசாலி என்று மதிப்பிட்டார்கள். ஆகவே கிராப் செய்யும் கோடு எங்கே விழுகிறது என்பது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

இசைத்துறையில் இதற்கு ஒரு நேரடி விலையும் இருக்கிறது. பாடல் விநியோகத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படும் அட்டை 3000×3000 பிக்சல். அதில் பாடகி முழு உருவமாக 2700 பிக்சல் உயரம் நிற்கிறார் என்றால், தலை 360 பிக்சல். கேட்பவரின் போனில், பாடல் பட்டியலில், அந்த அட்டை ஏறக்குறைய 60 பிக்சல் அகலத்துக்குச் சுருங்குகிறது. அப்போது பாடகியின் தலை 7 பிக்சல். பக்கத்தில் 1800 பிக்சல் தலையோடு நிற்கும் பாடகருக்கு 36 பிக்சல் கிடைக்கிறது. ஏழு பிக்சலில் யாருடைய முகமும் அடையாளம் தெரியாது, புடவையின் நிறம்தான் தெரியும். அடுத்த பாடல் வரும்போது கேட்பவர் பாடகரை நினைவில் வைத்திருப்பார். பாடகி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“அப்புறம் கிராப் பண்ணிக்கலாம்” என்பதுதான் புதியவர்கள் சொல்லும் பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் நெடுவாக்கில் எடுத்தால் உயரம் 6000 பிக்சல். அதில் முழு உருவம் 5400 பிக்சலை நிரப்பினால் தலைக்குக் கிடைப்பது 720 பிக்சல்தான். அட்டையில் பாடகருக்கு நிகராக 1800 வேண்டும் என்றால் இரண்டரை மடங்கு இழுக்க வேண்டும். முகம் சொதசொதவென்று ஆகும், கண்மணி கூர்மை இழக்கும், பக்கத்திலிருக்கும் பாடகரின் முகத்தில் மயிர்க்கால் வரை தெரியும்போது பாடகி மெழுகுப் பொம்மைபோல் நிற்பார். எதிர்த் திசையில் போகலாமா என்றால் அதுவும் முடியாது. நெஞ்சோடு நின்றுபோன பாடகரின் படத்துக்குக் கீழே கால்கள் இல்லை. தூரத்திலிருந்து எடுத்ததில் கொஞ்சம் உள்ளே போகலாம், கிட்டத்தில் எடுத்ததிலிருந்து வெளியே வர முடியாது. மிஞ்சுவது மறுபடியும் படப்பிடிப்பு: ஸ்டுடியோ வாடகை, ஒப்பனை, இரண்டு கலைஞர்களின் தேதி. தேதி கிடைக்காது. கடைசியில் அந்த ஒட்டாத படமே அச்சுக்குப் போகும்.

தவிர்க்கும் முறை இது. படத்தில் வரும் ஒவ்வொருவருக்கும், ஆண் பெண் பார்க்காமல், மூன்று ஃப்ரேம்கள் என்று முன்னரே எழுதிவையுங்கள்: முகமும் தோளும், நெஞ்சுக்கு மேல், கருவியோடு முழு உருவம். மூன்றும் எல்லோருக்கும் கட்டாயம். புடவை முழுதாகத் தெரிய வேண்டும் என்று கேட்டால் தாராளமாக எடுத்துக் கொடுங்கள், ஆனால் மற்ற இரண்டையும் எடுக்காமல் விளக்கை அணைக்காதீர்கள். லென்ஸை மாற்றாதீர்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை நெடுவாக்கில் பிடித்தால், 1.5 மீட்டர் தூரத்தில் சுமார் 63 செ.மீ. உயரம் படத்துக்குள் வரும். நெஞ்சுக்கு மேல் எடுக்க அது போதும், அளவு 0.4ஐ ஒட்டி நிற்கும். 2.5 மீட்டரில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். தலை முதல் இடுப்பு வரை கிடைக்கும், அளவு 0.25 ஆகக் குறையும். இந்தத் தூரங்களில் தரையில் டேப் ஒட்டி, எல்லோரையும் அதே கோடுகளிலிருந்து எடுங்கள்.

கேமராவின் உயரம் அடுத்தது. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். நின்றபடி எடுத்தால் உச்சியும் நெற்றியும் பெருத்து, உடல் குழந்தைபோல் சுருங்கும். ஆண் கலைஞர்களை எடுக்கும்போது தரையில் படுத்துக்கூட எடுக்கும் போட்டோகிராபர், பெண் கலைஞர் என்றதும் கூச்சத்தில் நின்றபடியே எடுத்துவிடுகிறார். கூச்சம் மரியாதையிலிருந்து வருகிறது, படத்தில் அது வேறு விதமாக வந்து விழுகிறது. ஒரு முக்காலியைக் கண் உயரத்தில் நிறுத்தி இருவருக்கும் அதையே பயன்படுத்தினால் முடிந்தது.

வீணைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. வீணை நாலடிக்கும் மேல் நீளம். அதை முழுதாகக் காட்டப் போனால் முகம் தானாகச் சிறுத்துவிடும். மிருதங்கம் இரண்டடிக்குள் அடங்கும், அதனால் மிருதங்கக்காரரின் முகம் பெரிதாக வரும். இதில் யாருடைய ஓரவஞ்சனையும் இல்லை, பொருளின் நீளம் மட்டுமே. ஆனால் வீணை வாசிப்பவர்களில் பெண்கள் அதிகம், போஸ்டரில் வந்து சேரும் விளைவும் அதேதான். நேர் எதிரே நின்று எடுக்காமல், குடம் கேமராவுக்கு அருகில் வருமாறு சாய்கோணத்தில் நில்லுங்கள். வீணையின் நீளம் பார்வையில் மடங்கும், முகத்துக்கு இடம் கிடைக்கும். யாழி முகம் ஃப்ரேமுக்கு வெளியே போனால் பரவாயில்லை. அதுவும் வேண்டும் என்றால் தனியாக ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அடுக்கும்போது ஒரே பங்கு வகிப்பவர்களுக்கு முன்சொன்ன முகம்-உடல் அளவில் 0.1க்கு மேல் வேறுபாடு வராமல் பாருங்கள். கச்சேரி போஸ்டரில் முதன்மைக் கலைஞர் பெரிதாகவும் பக்கவாத்தியம் சிறிதாகவும் இருப்பது மரபு, அதில் தவறில்லை. தவறு எங்கே வருகிறது என்றால், பாடுபவர் பெண்ணாகவும் மிருதங்கம் வாசிப்பவர் மூத்த வித்வானாகவும் இருக்கும்போது மட்டும் அந்த மரபு தளர்ந்து இருவரும் சம அளவாகிவிடுகிறார்கள். பாடுபவர் ஆணாக இருந்து, பக்கத்தில் பெயர்பெற்ற வயலின் விதுஷி இருந்தால் தளர்வதில்லை. ஸ்கேலை எடுத்துத் தலை உயரத்தை அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

வாய் திறந்த பாடகர், வாய் மூடிய பாடகி

சபா போஸ்டர்களை வரிசையாகப் பாருங்கள். ஆண் பாடகர் கை உயர்த்தி, கண் மூடி, ஆலாபனையின் நடுவில் இருப்பார். பெண் பாடகி கைகூப்பி, உதடு மூடிப் புன்னகைப்பார். ஒருவர் வேலை செய்கிறார், மற்றவர் வரவேற்கிறார். பெண்கள் பாடும்போது முகத்தைச் சுளிக்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வழக்கத்தின் மிச்சம் அது. பாடும் படத்தைக் கொடுத்தாலும் டிசைனர் ஒதுக்கிவிடுகிறார், “வாய் நல்லா இல்ல” என்று.

வாய் நன்றாக இல்லாதது தப்பான எழுத்தில் கேமராவைச் சொடுக்கியதால். ‘ரி’, ‘நி’ பாடும்போது உதடு பக்கவாட்டில் இழுபடும். ‘ம’, ‘ப’ தொடங்கும்போது உதடு ஒட்டிவிடும். ‘ஸ’, ‘க’, ‘த’, அதைவிடவும் நீண்ட அகாரம், இவைதான் முகம் திறந்து நிற்கும் இடங்கள். மேல் ஸ்தாயியில் கார்வை பிடித்து, அதாவது ஒரே சுரத்தை நீட்டி, நிற்கும் நொடிக்குக் காத்திருந்து நான்கைந்து படம் தொடர்ந்து எடுங்கள். மேடையில் எல்இடி விளக்கு என்றால் 1/250 நொடியில் படத்தில் பட்டை விழ வாய்ப்பு உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே 1/100க்கு இறங்குங்கள். கை அசைந்தால் கலங்கும் என்பதால் கார்வையில் எடுப்பது இங்கேயும் உதவும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 அளவில் பெரும்பாலான சபாக்களில் சமாளிக்கலாம். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

நாதஸ்வரத்திலும் இதே கதை. கன்னம் உப்பினால்தான் வாசிப்பு. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் போன்றவர்கள் அந்தக் கருவியைப் பல்லாண்டு மேடையில் வாசித்துக் காட்டிவிட்டார்கள். இன்றும் பெண் நாதஸ்வரக் கலைஞர் என்றால் கருவியை மடியில் கிடத்திப் புன்னகைக்கும் படத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணுக்கு உப்பிய கன்னம் கம்பீரம் என்றால் பெண்ணுக்கும் அதுவே.

கருவி அலங்காரப் பொருள் அல்ல

கருவி கையில் இருப்பது போதாது, வாசிக்கும் நிலையில் இருக்க வேண்டும். கர்நாடக வயலின் என்றால் சுருள் முனை வலது கணுக்கால் மேல் அமர வேண்டும், மறுமுனை நெஞ்சில் அணைய வேண்டும். கஞ்சிரா இடது கையில், அடி வலது கையில். வீணையில் இடது கை விரல் மெட்டுக் கட்டையின் மேல் சும்மா படர்ந்திருக்கக் கூடாது, தந்தியை அழுத்தியிருக்க வேண்டும். கடத்தை முந்தானை மூடிவிடாமல் முன்கூட்டியே பின் குத்தச் சொல்லுங்கள். சுகன்யா ராம்கோபால் கடம் கற்று மேடைக்கு வந்த காலத்தில், ஒரு பெண்ணோடு சேர்ந்து வாசிக்கத் தயங்கிய மிருதங்கக்காரர்கள் இருந்தார்கள். அந்தத் தயக்கத்தைக் கடந்து வந்த ஒருவர் கையில் இருக்கும் கருவியை டிசைனர் ஒரு பூ மாலையால் மறைப்பது பொறுக்கக்கூடிய செயல் அல்ல.

பெண் இசையமைப்பாளரை மிக்சிங் மேசை முன் உட்காரவைத்து, எதிலும் செருகாத ஹெட்போனைக் கழுத்தில் போட்டு எடுப்பதும் இந்த வகைதான். ஒயரின் முனை படத்திலேயே தெரியும். அவர் அன்று உண்மையில் செய்துகொண்டிருக்கும் வேலையைத் திரையில் திறந்து வைக்கச் சொல்லி, அதைச் செய்யும்போது எடுங்கள்.

இடவலம் திருப்புதல்

அட்டையில் இருவரும் உள்நோக்கிப் பார்க்க வேண்டும் என்று டிசைனருக்குத் தோன்றும். உடனே ஒருவர் படத்தைக் கண்ணாடி பிம்பம்போல் திருப்புவார். பெரும்பாலும் திருப்பப்படுவது பெண்ணின் படம், ஆணைப் பார்க்கும்படி. எண்ணிப் பாருங்கள், தெரியும்.

திருப்பியதும் முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்விடும். வில் இடது கைக்கு வரும். மிருதங்கமாக இருந்தால் கறுப்புக் கரணை உள்ள வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் பக்கம், இடது கையில் நிற்கும். கேட்பவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்த நொடியில் பிடித்துவிடுவார்கள். இடக்கை வாசிப்பு கச்சேரி உலகில் சின்ன விஷயம் இல்லை. மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதால் மேடையில் உட்காரும் இடமே மாற வேண்டியிருந்தது, அதற்கு உடன்படாதவர்களும் இருந்தார்கள். அவ்வளவு பொருள் உள்ள ஒன்றை ஒரு பொத்தானை அழுத்தி மாற்றக் கூடாது. ஒவ்வொருவரையும் இடப்பக்கம் பார்த்து மூன்று, வலப்பக்கம் பார்த்து மூன்று, நேராகப் பார்த்து மூன்று என்று எடுத்துவிட்டால் திருப்பும் தேவையே வராது.

நேராகப் பார்க்கும் படத்தை மறக்காதீர்கள். ஆண் கேமராவைப் பார்க்க, பெண் வேறெங்கோ பார்க்கும் அமைப்பு விளம்பரங்களில் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை 1970களிலேயே சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் படம் படமாக அடுக்கிக் காட்டினார். ஆண் நிற்க பெண் உட்கார்வது, ஆண் பொருளைப் பிடிக்க பெண் அதை விரல் நுனியால் வருடுவது ஆகியவையும் அவர் பட்டியலில் உண்டு. கிட்டாரை வருடும் பாடகியின் படம் வந்தால் அந்தப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்

பெண்ணின் முகத்தை வெளுப்பாக்குவது நம் ஊரில் கேட்காமலே செய்யப்படும் ‘சேவை’யாகிவிட்டது. பல போன்களில் அழகுபடுத்தும் வசதி முதலிலேயே இயக்கத்தில் இருக்கும். படம் எடுக்கும் முன் அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

இசைக்கலைஞர் படத்தில் இந்தப் பொய் உடனே வெளிப்படும். திருமணப் படத்தில் கை எங்கோ கீழே இருக்கும். இங்கே கைதான் படத்தின் நடுவில் இருக்கிறது. முகத்தை இரண்டு படி வெளுத்துவிட்டு விரல்களை அப்படியே விட்டால், வீணை மேல் இருக்கும் கை இன்னொருவருடையதுபோல் தெரியும். ஃப்ளெக்ஸில் இது இன்னும் மோசம். வெளுத்த கன்னத்தில் மை குறைவாக விழுந்து, வெயிலில் இரண்டே வாரத்தில் முகம் காகிதம்போல் ஆகிவிடும்.

சாம்பல் நிற அட்டையை (கிரே கார்டு) முதல் படத்தில் கலைஞரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுங்கள், வெண்சமநிலையை (வைட் பேலன்ஸ்) அதிலிருந்து எடுத்து எல்லோருக்கும் அதையே போடுங்கள். குழுவில் நிற வேறுபாடு அதிகம் என்றால் கருநிறம் உள்ளவரை முதன்மை விளக்குக்கு ஓரடி அருகில் நிறுத்துங்கள். வெள்ளை ஜிப்பா போட்டவரை ஓரடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கால் செய்வதை மென்பொருளால் செய்யாதீர்கள்.

ரீடச்சிங்கில் ஒரே விதி வைத்துக்கொள்ளலாம்: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவும் கொசுக்கடியும் போகலாம். மச்சம், தழும்பு, சுருக்கம் இருக்க வேண்டும். ஆணின் நெற்றிக்கோட்டை அனுபவம் என்று விட்டுவிட்டு, அதே வயதுப் பெண்ணின் கோட்டை அழிப்பவர்கள் தாங்கள் செய்வதை அடுக்கு அடுக்காகத் திறந்து பார்க்கட்டும். வீணைக்காரரின் இடது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அறுத்த பள்ளம் கறுப்பாக இருக்கும். அது அழுக்கு இல்லை, பல்லாண்டு சாதகம். அதைத் துடைத்துவிட்டு வந்த படங்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

ஆண்களுக்கு இடப்படும் விலங்கு

கைகட்டி முறைக்காத ஆண் பாடகரின் படம் சுயாதீன இசையில் அரிதாகிவிட்டது. மென்மையான தாலாட்டைப் பாடியவர்கூட, அட்டையில் புல்லட் மேல் சாய்ந்து யாரையோ அடிக்கப் போவதுபோல் நிற்கிறார். பாட்டைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், பக்கத்துக் கலைஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூந்தலைப் பறக்கவிடும் காற்றாடி

வேண்டாம்.

பாட்டில் இல்லாத பெண்

பாடியவரும் இல்லை, வாசித்தவரும் இல்லை, எழுதியவரும் இல்லை என்றால் அட்டையில் ஏன் இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள். 1965இல் ஹெர்ப் ஆல்பர்ட்டின் டிஹுவானா பிராஸ் குழு, கேக் மேல் போடும் க்ரீமைப் பூசிய ஒரு பெண்ணை அட்டையில் வைத்தது. உண்மையில் பெரும்பகுதி சவர நுரை, ஏனென்றால் விளக்குச் சூட்டில் க்ரீம் உருகிவிடும். ஆல்பம் பெரிய வெற்றிதான். ஆனால் பிறகு மேடைகளில், அட்டையை எங்களால் வாசித்துக் காட்ட முடியாது என்று ஆல்பர்ட் ரசிகர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. வாசித்தது டிரம்பெட், நினைவில் நின்றது நுரை.

அடிபட்ட பெண்

1976இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஆல்பத்துக்காக, லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் வீதியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். கயிற்றால் கட்டப்பட்டு, உடலெங்கும் அடிபட்ட தடத்தோடு ஒரு பெண், அதைத் தானே விரும்புவதாகச் சொல்லும் வாசகத்தோடு. பெண்கள் அமைப்புகள் திரண்டு எதிர்த்தன, பலகை இறங்கியது. அதோடு நிற்கவில்லை. வார்னர் குழுமத்தின் இசைத்தட்டு நிறுவனங்கள் மீது புறக்கணிப்பு தொடங்கி, பெண்கள் மீதான வன்முறையை இசைத்தட்டு விளம்பரத்தில் காட்டுவதற்கு எதிரான கொள்கையை அந்தக் குழுமம் 1979இல் அறிவிக்கும்வரை நீடித்தது. ‘காதல் தோல்வி’ ஆல்பங்களுக்குப் பெண்ணின் கன்னத்தில் சிவப்புத் தடம் வரைய நினைக்கும் டிசைனர்கள் இந்த மூன்றாண்டுக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிறுமியர்

பெரியவர்களைப்போல் உடுத்தி, பெரியவர்களைப்போல் பார்க்கவைத்து எடுக்காதீர்கள். பெற்றோர் கேட்டாலும் எடுக்காதீர்கள்.

பெயரும் எழுத்தும்

1902இல் இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கிய நாள்களிலேயே கௌஹர் ஜான் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ அச்சானது. இன்றும் ‘செல்வி’, ‘குமாரி’, ‘ஸ்ரீமதி’ என்று பாடகியின் திருமண நிலை போஸ்டரில் ஏறுகிறது. பாடகருக்கு அப்படி எதுவும் இல்லை, அவர் ‘வித்வான்’. அவருக்கு வித்வான் என்றால் இவருக்கு விதுஷி. பட்டம் இருந்தால் பட்டம். இல்லை என்றால் இருவருக்கும் வெறும் பெயர். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண் இசைக்கலைஞருக்கு முதன்முதலாகக் கிடைத்ததே 1968இல், எம். எஸ். சுப்புலட்சுமிக்கு. அவ்வளவு தாமதமாக வந்த மரியாதையைப் போஸ்டரில் எழுத இடமில்லை என்று விடுவது சரியில்லை.

இனிஷியலையும் இருவருக்கும் ஒரே மாதிரி போடுங்கள். எழுத்துருவில் ஆணுக்குத் தடித்தது, பெண்ணுக்குச் சுருள் சுருளாக வளைந்தது என்ற பழக்கம் இருக்கிறது. இரண்டு பெயர்களின் எழுத்துருவையும் இடம் மாற்றிப் பாருங்கள். சிரிப்பு வந்தால் அந்த எழுத்துரு பாட்டுக்காகத் தேர்ந்தெடுத்தது அல்ல. அவரே மெட்டமைத்து அவரே எழுதியிருந்தால் ‘பாடியவர்’ என்று மட்டும் போட்டு முடிக்காதீர்கள். மூன்று வேலைகளும் மூன்று வரிகளில் வர வேண்டும்.

படம் யாருடையது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். இசை நிறுவனம் பணம் கொடுத்திருந்தால் படம் நிறுவனத்துடையது. பாடகியின் முகத்தை வெளுத்தாலும், கருவியை வெட்டினாலும், இன்னொரு உடலில் தலையை ஒட்டினாலும், கேட்கும் பிடி அவரிடம் பெரிதாக இருக்காது. ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும் தாளிலேயே இரண்டு வரி சேருங்கள்: வெட்டுதல், திருப்புதல், தோல் நிறம் மாற்றுதல் எதுவானாலும் படத்தில் இருப்பவரின் எழுத்து வழி ஒப்புதல் வேண்டும், முதலில் ஒப்புக்கொண்ட பாடலைத் தவிர வேறெதற்கும் படத்தைப் பயன்படுத்தக் கூடாது.

இறுதி மாதிரியைக் குழுத் தலைவருக்கு மட்டும் அனுப்பி ஒப்புதல் வாங்கும் வழக்கத்தையும் விடுங்கள். படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில், இரண்டு அளவுகளில் அனுப்புங்கள்: 3000 பிக்சலில் ஒன்று, 60 பிக்சலில் ஒன்று. கடம் வாசிப்பவரின் பதில் வரும்வரை அச்சகத்துக்குக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.